விலையும் மதிப்பும்



பொருள் பழையதானால் விலை குறையும் என்பது நாம் அறிந்த கணக்கு. பழைய பந்தயக் கார்கள் சிலவற்றுக்கு அக்கணக்குப் பொருந்துவதில்லை. 2022ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் காட்சிசாலையில், 1955இல் செய்த கார் ஒன்று ஏலம் போயிற்று. விலை 13.5 கோடி யூரோ! அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் பெறாத விலை அது.

இத்தனைக்கும் அக்கார் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. 1955இல் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் மெர்சிடிஸ் நிறுவனம் பந்தயங்களினின்றும் விலகியது. அடுத்த ஆண்டுக்கெனச் செய்திருந்த இரண்டு கார்களும் களம் காணவில்லை. அவற்றை உருவாக்கிய பொறியாளர் ரூடால்ஃப் ஊலன்ஹவுட், ஒன்றைத் தம் பயணங்களுக்குப் பயன்படுத்தினார். அவர் பெயரே கார்களுக்கும் நிலைத்தது.

பின் ஏன் இவ்வளவு விலை? உள்ளவை இரண்டே, மற்றது காட்சிசாலையிலேயே இருக்கிறது. விற்ற காரோ, செய்த நாள்முதல் செய்தவரிடமே இருந்தது; அதன் வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லை. இவ்வகை ஏலங்களில் அருமைக்கும் சான்றுக்குமே பணம் தருகின்றனர். எஞ்சின் மாறியிருந்தாலும், ஆவணம் தவறியிருந்தாலும் விலை இறங்கிவிடும்.

நான் இதனைச் சொல்ல வந்த காரணம் வேறு. சுற்றுச்சூழல் காக்கும் பணிக்கு இளைஞர்களை ஆயத்தம் செய்யும் கல்வி நிதிக்கு அத்தொகை ஒதுக்கப்பட்டது. பெரிய விலை ஒன்றைக் கேட்டு வியக்கும்போது, அப்பணம் எங்கே சென்றது என்பதையும் கேட்டறியுங்கள்.