பழையகோட்டைப் பட்டக்காரர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இம்மேடையில் உரையாற்றியவர் ஒரு பேராசிரியர். இவ்வாண்டோ, புகைவண்டி நிலையத்தில் சரக்குப் பதிவேடு எழுதுபவனும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுமான என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். “உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும்” என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது மாடு. ஆகவே காங்கயம் நாட்டில் மாடு வளர்த்துப் புகழோடு வாழ்ந்து மறைந்த ஒரு பெருமகனாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் காங்கயத்தை அடுத்த பழையகோட்டையின் பட்டக்காரர், நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார். அப்பகுதியில் பட்டக்காரர் என்னும் சிறப்புடைய குடும்பங்கள் பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம், காடையூர், புதூர் என நான்கு. மன்றாடியார் என்ற பட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நினைவுக்கு வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை ஒரு மன்றாடியிடம் ஒப்புவிப்பார்கள். அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். ஆனால் செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது மன்றாடியின் கடமை. அவனும் ஒருநாள் சாவான். மந்தை மட்டும் சாகக்கூடாது.

பட்டக்காரர் செய்ததும் இதுவே. இன்று நாம் காங்கயம் மாடு என்று பெருமையோடு சொல்லும் இனத்தைத் தேர்ந்து, திருத்தி, நிலைநிறுத்திய பெருமை அவரையே சாரும் என்று கால்நடைத் துறையார் எழுதுகின்றனர். இது எவ்வளவு கடினமான வேலை என்பதை மாடு கட்டாதவர்கள் உணர்வது அரிது. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாய் இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூக்கும். காளையானால் தலையும் கழுத்தும் திமிலும் கருத்து மின்னும். காயடித்துவிட்டால் அக்கருமை மங்கி வெளுத்துவிடும். மயிலை, காரி, செவலை, பில்லை என்று நிறத்துக்கொரு பெயர் வைத்தார்கள் எங்கள் முன்னோர்.

இதில் ஓர் இக்கட்டு உண்டு. நல்ல காளைக்கன்று எதுவோ, அதுவே நல்ல எருதாகவும் ஆகும். அதற்கே சந்தையில் அதிக விலை. கடன்பட்ட குடியானவன் என்ன செய்வான்? தன் பட்டியில் தலைசிறந்த கன்றையே முதலில் காயடித்து விற்பான். மிஞ்சிய சோனிக்கன்று பொலிகாளையாகும். இப்படியே நான்கு தலைமுறை போனால் இனம் எங்கே நிற்கும்? விலைக்கு மயங்காமல் சிறந்ததைக் காயடிக்காது நிறுத்தி வைக்க ஒருவருக்கு மனமும் வேண்டும், வசதியும் வேண்டும். பட்டக்காரரிடம் இரண்டும் இருந்தன. செல்வத்தால் விளைந்த நன்மைகளை நான் அதிகம் கண்டதில்லை, இஃது ஒன்று.

இரண்டாவது துணை, எங்கள் கொறங்காடு. மழை குறைந்த மேட்டுநிலத்தில், கிளுவை முள்வேலி கட்டிய மேய்ச்சல் காடு அது. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரங்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலின் காய்கள் உதிரும். மாடு பொறுக்கித் தின்னும். ஒரு காட்டை மேய்ந்ததும் படலைச் சாத்தி அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். மேய்ப்பவன் உடன் நிற்க வேண்டியதில்லை. காய்ந்த மண்ணில் இவ்வளவு அறிவாக ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

நம் பெங்களூரிலும் மாட்டுக்காக ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. ஆடுகோடியிலுள்ள அந்தப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 1923இல் தொடங்கியது. 1927இல் உடல் தேற இந்நகரில் தங்கிய காந்தியடிகள், அங்கே சென்று மாடு பேணுதலைப் பற்றி மாணவர்போல் கேட்டறிந்தார். அங்கே தேடியது பால். பட்டக்காரர் தேடியது உழைப்பு. கவலை இறைக்கவும், கல்லும் முள்ளுமான மேட்டில் ஏர் இழுக்கவும், பாரவண்டி பூட்டவும் ஏற்ற மாடு எங்கள் மாடு. பால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் மகிழ்ச்சி.

அந்த உழைப்புக்குத்தான் பின்னாளில் வேலையில்லாமற் போயிற்று. மின்மோட்டார் கவலையை நிறுத்தியது. டிராக்டர் ஏரை நிறுத்தியது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிய பின் கலப்பினப் பசு கொட்டில்தோறும் வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, 1970இல் அவ்வரம்பு மேலும் குறைந்தது. ஒருவர் கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருப்பது முறையன்று என்ற கட்சியைச் சேர்ந்தவன்தான் நான். என் பாட்டனார் அடுத்தவர் காட்டில் கூலிக்கு வேலி கட்டியவர். ஆயினும் மேய்ச்சல் துண்டுபட்டால் மந்தையும் துண்டுபடும் என்பதை மறைக்க முடியவில்லை. பட்டக்காரர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பிரேசில் நாட்டில் நம் ஓங்கோல் மாட்டின் வழிவந்தவை, நெல்லூரின் பெயரால் ‘நெலோர்’ என்று இன்றும் பெருங்காடுகளில் மேய்கின்றன. பிறந்த மண்ணில்தான் நாம் எண்ணிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை எவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

என் தந்தையாருக்கு நான்கு ஏக்கர் கொறங்காடும் மூன்று மாடுகளும் ஒரு காளைக்கன்றும் இருந்தன. அது பழையகோட்டைக் காளையின் வழி என்பார். நல்ல மயிலை. தரகர்கள் எவ்வளவு சொல்லியும் காயடிக்க இசையவில்லை. 2011இல் அவர் காலமானார். பதினாறாம் நாள் முடிந்ததும் தரகர் வந்து, துண்டுக்குள் என் விரலைப் பிடித்து விலை சொன்னார். எனக்கு மறுநாள் பணிக்குத் திரும்ப வேண்டும். மருத்துவச் செலவுக் கடன் வேறு. “காயடிச்சா நல்ல எருதுங்க தம்பி” என்றார் வெளிப்படையாகவே. அறியாமல் விற்றேன் என்று நான் சொல்ல முடியாது. மூன்று ஆண்டு கழித்துக் காட்டையும் விற்றேன். வாங்கியவர் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டார்.

2017 தை மாதம் மெரினாவில் இளைஞர்கள் காளைக்காகக் கூடியபோது அலுவலகத்தில் எல்லாரும், “உங்கள் ஊர் மாடாமே!” என்று என்னிடம் வந்து கைகுலுக்கினார்கள். நான் தலை குனிந்து பதிவேட்டை எழுதினேன்.

பழையகோட்டையில் காங்கயம் மாடுகளுக்கென்றே ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. சென்ற விடுமுறையில் போயிருந்தேன். செந்நிறம் மாறாத ஒரு கன்றின் அருகே வெகுநேரம் நின்றேன் போலும். கயிறு பிடித்திருந்த முதியவர், “வேணுங்களா தம்பி?” என்றார். “நான் பெங்களூருங்க ஐயா, இரண்டு அறைக் குடியிருப்பு” என்றேன். அவர் சிரித்துவிட்டு, தேநீர் குடித்து வருவதாகக் கயிற்றை என் கையில் கொடுத்துப் போனார். அவர் திரும்பி வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஈரோட்டுப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.