கசிவு ஓரிடம், காரணம் வேறிடம்
(பழைய மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி உன் தொழில் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய திட்டங்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு ஜீப்பின் முன் டிஃபரன்ஷியலில் ஒழுகிய எண்ணெயைப் பற்றிப் பேசப்போகிறேன். மெக்கானிகல் அல்லாத நண்பர்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் சேர்ந்தேன். அங்கே ஒரு பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளில் ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் ராத்திரி யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், இந்த ஜீப்தான் ஓடையில் இறங்கி அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வேறு வண்டி அந்தப் பாதையில் ஏறாது.

அந்த ஜீப் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. நான் சேர்வதற்கு முந்தைய ஒரே வருஷத்தில் முன் டிஃபரன்ஷியலின் பினியன் ஆயில் சீலை 3 முறை மாற்றியிருந்தார்கள். மாற்றிய சில வாரங்களில் மறுபடி ஒழுகும். ஆபீஸில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "டிரைவர் தண்ணியில கண்மண் தெரியாம விரட்டுறான். அடுத்த சீல் செலவை அவன் சம்பளத்துல பிடிச்சாத்தான் சரிப்படும்" என்றார்கள். டிரைவரோ, "சார், நான் முதல் கியர்லதான் இறங்குறேன். வேணும்னா நீங்களே கூட வந்து பாருங்க" என்றார். நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

மாணவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம். "நாலு சக்கரமும் எப்பவாவதுதான் போடுறோம், முன் டிஃபரன்ஷியல் சும்மாதானே இருக்கு" என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ரீ வீலிங் ஹப் இல்லாத வண்டியில் அப்படி இல்லை. முன் சக்கரம் உருளும்போதெல்லாம் ஆக்ஸில் ஷாஃப்ட், கிரவுன் வீல், பினியன் எல்லாமே கூடச் சுழலும். எண்ணெய் குறைந்தால் பேரிங் காயும், பல் தேயும். முற்றிப்போய் இறுகிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலைப்பாதை வளைவில் அப்படி ஆனால் ஸ்டியரிங் கேட்காது. ஆளை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியில் அது உயிர்ப் பிரச்சினை.

பட்டறையில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். "அண்ணே, உடனே சீலைக் கழற்ற வேண்டாம், முதல்ல கழுவுவோம்" என்றேன். முன் அச்சு எஞ்சினுக்குக் கீழே இருப்பதால், மேலேயிருந்து வழியும் எஞ்சின் ஆயிலும் அங்கேதான் வந்து சொட்டும். மோந்து பார்த்தாலே ஓரளவு தெரியும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. டிஃபரன்ஷியல் ஆயிலே என்றாலும் அது வர மூன்று வழிகள் உண்டு: பினியன் சீல், ஹவுசிங் மூடியின் பேக்கிங், ஆக்ஸில் குழாயின் உள் சீல். உள் சீல் போனால் எண்ணெய் நக்கிளுக்குள் போய் கிரீஸோடு கலந்து சக்கரத்துப் பக்கம் வழியும்.

அச்சு முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, காய்ந்தபின் டால்கம் பவுடர் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தோம். பவுடரில் ஈரக்கோடு பினியன் சீலிலிருந்தே தொடங்கியிருந்தது. கசியும் இடம் அதுதான். ஆனால் புதுச் சீல் ஏன் நிற்கவில்லை?

எண்ணெயை இறக்கினோம். ஃபிட்டர் அண்ணன், "பாருங்க சார், பால் விட்ட காபி மாதிரி வருது" என்றார். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே ஹவுசிங்கின் மேல் இருக்கும் ப்ரீதரைத் தேடினோம். சுண்டுவிரல் அளவுள்ள ஒரு மூச்சுக்குழல் அது. சேறு ஏறி, காய்ந்து, கல்லாக அடைத்திருந்தது.

இனிமேல் நம் வகுப்பறைக் கணக்குதான். மூடிய பாத்திரத்தில் காற்று 20 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால், கெல்வினில் 293 என்பது 353 ஆகிறது. அழுத்தம் சுமார் 20 சதவீதம் ஏறும். ஆயில் சீலின் உதடு தெறிக்கும் எண்ணெயைத் தடுக்க வைத்தது. இந்த அழுத்தத்தை நாள்தோறும் தாங்க வைத்ததல்ல. எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. அதே சூட்டோடு வண்டி ஓடையில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிரைவர் எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் இது நடக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. சீல் உதடு உரசும் ஃப்ளேஞ்ச் மேற்பரப்பில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டியது. பழைய சீல்கள் அங்கே ஒரு பள்ளம் போட்டிருந்தன. பள்ளத்தில் உட்கார்ந்த புதுச் சீல் எப்படி நிற்கும்?

சரிசெய்தது சுலபம். ஃப்ளேஞ்ச் தேய்ந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றினோம். புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவிக் கோணாமல் தட்டி இறக்கினோம். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது பினியன் நட். சீல் மாற்றுகிற அவசரத்தில் அதை இஷ்டத்துக்கு முறுக்கினால் பேரிங்கின் முன்சுமை மாறிவிடும். சில வண்டிகளில் முன்சுமையை ஷிம் தீர்மானிக்கும். சிலவற்றில் நசுங்கும் ஸ்பேசர். இரண்டாவது வகையில் அதிகம் முறுக்கினால் ஸ்பேசர் மேலும் நசுங்கிவிடும், அப்புறம் புதிதுதான் போட வேண்டும். ஆகவே கழற்றும் முன்பே நட்டின் நிலையைக் குறித்து, ஃப்ளேஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து, பினியன் சுழல எவ்வளவு இழுவை என்று எழுதி வைத்தோம். பூட்டியபின் மறுபடி அளந்து ஒப்பிட்டோம்.

புது ப்ரீதரோடு ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை எஞ்சின் அறையில் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டினோம். ஜி.எல்.-5 ரக 80டபிள்யூ-90 கியர் ஆயிலை, சமதரையில் வண்டியை நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றினோம். அதற்கு மேல் ஊற்றினாலும் கசியும். ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய எண்ணெயை இறக்கும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து அது கழலாவிட்டால், இறக்கியபின் வண்டி எண்ணெய் இல்லாமல் அப்படியே நிற்கும்.

அடுத்த தென்மேற்குப் பருவமழை முழுக்க அந்த ஜீப் ஓடையில் இறங்கி ஏறியது. கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை. பராமரிப்பு அட்டையில் "ப்ரீதர்" என்று ஒரு வரி கூடியது. டிரைவரின் சம்பளத்தில் கை வைக்கும் பேச்சும் நின்றது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் எதாவது ஒன்று ஒழுகும், உடையும், நின்றுபோகும். பெரும்பாலும் கடைசியாகத் தொட்டவன் மேல்தான் பழி விழும். அவனுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. பேசினாலும் கேட்க ஆளிருக்காது. அளந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் அங்கே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இந்தக் கல்லூரி கொடுத்த படிப்பை அந்த நேரத்தில் பயன்படுத்துங்கள். ஃபிட்டர் அண்ணன்களின் கண்ணையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.