திரைக்குப் பின்னே

பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடத்திப் பழகிய ஆசிரியர் எவருக்கும் ஓர் உண்மை தெரியும். மேடையில் அரசனும் அமைச்சனும் அன்போடு அளவளாவிக்கொண்டிருப்பர்; சற்று முன்னர்தான் அவ்விருவரும் திரைக்குப் பின்னே ஓர் அட்டைக் கிரீடத்துக்காக மல்லுக்கு நின்றிருப்பர். அத்தகைய வழக்குகள் பலவற்றைத் தீர்த்துவைத்தவன் யான். ஆதலால், பெரிய படைப்பு ஒன்றைக் காணும்போதெல்லாம் அதன் திரைக்குப் பின்னே என்ன நடந்திருக்கும் என எண்ணுவது என் வழக்கம். மாணவ நண்பர்களே, அப்படிப்பட்ட படைப்பு ஒன்றின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்காவின் ஹாலிவுட்டில் உருவாகி, 1939-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ என்னும் திரைப்படமே அது. மார்கரெட் மிட்செல் என்னும் பெண்மணி எழுதி 1936-இல் வெளியான நாவல் அதற்கு மூலம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஸ்கார்லெட் என்னும் பிடிவாதக்காரப் பெண்ணின் வரலாறு அது. டேவிட் செல்ஸ்னிக் என்னும் தயாரிப்பாளர், 50,000 டாலர் கொடுத்து அதனைப் படமாக்கும் உரிமையை வாங்கினார்.

கதாநாயகியைத் தேடுவதிலேயே ஈராண்டுகள் கழிந்தன. அட்லாண்டா நகரம் தீக்கிரையாகும் காட்சியை 1938 டிசம்பர் 10-ஆம் நாள் இரவு படமாக்கியபோதுகூட, ஸ்கார்லெட்டாக நடிப்பவர் யார் என்பது முடிவாகவில்லை. பின்னரே விவியன் லீ என்னும் ஆங்கில நடிகை தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 1913-இல் நம் நாட்டு டார்ஜிலிங்கில் பிறந்தவர்.

1939 ஜனவரி 26-ஆம் நாள் முறையான படப்பிடிப்பு தொடங்கியது. இயக்குநர் ஜார்ஜ் கியூகர், ஈராண்டுகளுக்கு மேலாக அப்படத்துக்கான ஆயத்தங்களில் உழைத்தவர். எனினும், காட்சிகளை அமைக்கும் முறைபற்றி அவருக்கும் தயாரிப்பாளருக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. பிப்ரவரி நடுவிலேயே கியூகர் விலக்கப்பட்டார். செய்தி எட்டியபோது விவியன் லீயும் ஒலிவியா டி ஹாவிலண்டும் துக்க உடை அணிந்து நடித்துக்கொண்டிருந்தனர். அக்கறுப்பு உடையுடனேயே செல்ஸ்னிக்கிடம் ஓடி, கியூகரை நீக்கவேண்டாம் என மன்றாடினர். அவர் இணங்கவில்லை.

அதன் பின்பு நடந்ததுதான் என் ஆசிரிய உள்ளத்தைத் தொட்டது. அந்நடிகையர் இருவரும், ஒருவர் செல்வதை மற்றவர் அறியாமல், ஓய்வு நேரங்களில் கியூகரின் இல்லத்துக்குச் சென்று தத்தம் பாத்திரத்தைப்பற்றி அவரிடம் பாடம் கேட்டுவந்தனர். பதவி பறிபோன பின்னரும், கேட்க வந்தவர்க்குக் கற்பிக்க அவர் மறுக்கவில்லை. படத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் கற்பித்தது அவ்விருவர் நடிப்பிலும் இருக்கின்றது.

கியூகரின் இடத்துக்கு விக்டர் பிளெமிங் வந்தார். படக்கதையின் எழுத்துப்படி செப்பமாக இல்லை என்பது அவருடைய முதற்குறை. படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சிட்னி ஹோவர்ட் முதலில் எழுதிய படியைப் பலரும் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பியிருந்தனர். அவசரமாக அழைக்கப்பட்ட பென் ஹெக்ட் என்னும் எழுத்தாளர், மூல நாவலைப் படிக்காமலேயே அப்பணியில் அமர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். செல்ஸ்னிக்கும் பிளெமிங்கும் பாத்திரங்களாக நடித்துக்காட்ட, அவர் திருத்தி எழுதினாராம். சுற்றி வளைத்து, இறுதியில் ஹோவர்டின் படிக்கே திரும்பினர்.

பூசல் அத்துடன் ஓயவில்லை. ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ் மாற்றப்பட்டார். ஸ்கார்லெட்டின் இயல்பை எவ்வாறு காட்டுவது என்பதில் பிளெமிங்குக்கும் விவியன் லீக்கும் ஓயாத வாதம். ஏப்ரல் இறுதியில் பிளெமிங் உடலும் உள்ளமும் சோர்ந்து படப்பிடிப்பை விட்டு விலகினார். சாம் வுட் என்பவர் பணியைத் தொடர்ந்தார். பிளெமிங் மீண்டு வந்ததும் இருவரும் காட்சிகளைப் பங்கிட்டுக்கொண்டனர். ஆயினும், படத்தில் இயக்குநர் என்று ஒளிர்ந்தது பிளெமிங்கின் பெயர் ஒன்றே. எழுத்துக்கு உரிய பெயராக நின்றது ஹோவர்டின் பெயர் ஒன்றே. அதைக் காண அவர் இல்லை. ஆகஸ்டில் தம் பண்ணையில் டிராக்டர் விபத்தில் அவர் உயிர் நீத்தார். ஆஸ்கர் பரிசு அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது.

இவையெல்லாம் தொழிலைப்பற்றிய பூசல்கள். படம் நன்றாக அமையவேண்டும் என்னும் வேட்கை எல்லோரிடமும் இருந்தது; வழிதான் வேறுபட்டது. அத்தகைய பூசல் படைப்பைச் சிதைக்காமல் செம்மைப்படுத்துவதும் உண்டு.

ஆனால் வேறொரு வகைப் பிணக்கும் அங்கே இருந்தது. அது தொழிலைப்பற்றியதன்று, மனித மதிப்பைப்பற்றியது. மாமி என்னும் பணிப்பெண்ணாக நடித்தவர் ஹாட்டி மக்டேனியல் என்னும் கறுப்பின நடிகை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகள். 1939 டிசம்பர் 15-ஆம் நாள் அட்லாண்டாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அம்மாநிலத்தின் நிறவேற்றுமைச் சட்டங்களால் அவர் அவ்விழாவுக்குச் செல்ல இயலவில்லை. 1940 பிப்ரவரி 29-ஆம் நாள் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது; அவ்வினத்தவர் பெற்ற முதல் ஆஸ்கர் அதுவே. அந்த இரவிலும் உடன் நடித்தோரின் மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரத்தில் தனி மேசை ஒன்றில் அமர்ந்திருந்தார்.

படம் வெளியானபோதே, அது அடிமை வாழ்வை இனிமையானதாகச் சித்திரிக்கின்றது எனக் கறுப்பின மக்கள் பலர் கண்டித்தனர். அக்குரல் உரிய கவனம் பெற நெடுங்காலமாயிற்று. 2020-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அப்படத்தைச் சில நாள் நிறுத்திவைத்து, வரலாற்றுப் பின்னணியை விளக்கும் முன்னுரையுடன் மீண்டும் காட்டியது. எட்டு ஆஸ்கர் பரிசுகளைப் பெற்ற பெருமையும் அப்படத்துக்கு உரியது. அந்தத் தனி மேசையும் அதன் வரலாற்றுக்கு உரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் முறையன்று.

நண்பர்களே, ஒரு குறையை ஒப்புக்கொண்டு முடிக்கின்றேன். ஓர் ஆண்டு விழாவில், நாடகத்துக்குத் திரைச்சீலை தீட்டித் தந்த மாணவனின் பெயரை மேடையில் படிக்க யான் மறந்துவிட்டேன். அவன் குறை ஒன்றும் கூறவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் அவன் என் முகத்தை நோக்கவில்லை. அதனை எண்ணுந்தோறும் இன்றும் எனக்கு வருத்தமே. நீங்கள் நாளை எத்துறையில் எதனைப் படைத்தாலும், கருத்து வேற்றுமைக்கு அஞ்சாதீர்கள், வாதிடுங்கள். வேலை முடிந்து பாராட்டுப் பெறும் நாளில் மட்டும், யார் பெயர் விடுபட்டது, யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.