நாய்க்குட்டிகளின் குடற்புழுக்கள்



வயலையும் தோட்டத்தையும் காவல் காக்க நாய் வளர்க்கின்றோம். ஆயினும், அது ஈன்ற குட்டிகள் வயிறு ஊதி, உடல் மெலிந்து, மயிர் பொலிவிழந்து ஒவ்வொன்றாய் மாளும்போது, "தாய்ப்பால் போதவில்லை" என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். பல வேளைகளில் அதற்குக் காரணம் குடற்புழுக்களேயாம்.

தாய்நாயின் உடலில் அடங்கிக் கிடக்கும் வட்டப்புழுவின் இளம்புழுக்கள், சினைக்காலத்தில் எழுந்து கருவிலுள்ள குட்டிகளைச் சென்றடைகின்றன. பால் வழியாகவும் செல்கின்றன. ஆதலால், எவ்வளவு துப்புரவாக வளர்த்தாலும், குட்டிக்குப் புழு உண்டு என்றே கொள்ளல் வேண்டும். கொளுக்கிப்புழு குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். முரசு வெளிறுதலும் மலம் கருநிறமாதலும் அதன் அறிகுறிகள். நாடாப்புழுவைத் தெள்ளு பரப்பும். நாயின் பின்புறத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படும்.

நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். குட்டி பிறந்த 2ஆம் கிழமையில் முதன்முறை மருந்து கொடுங்கள். பின்னர் 4ஆம், 6ஆம், 8ஆம் கிழமைகளிலும், அதன்பின் 6 மாதம் நிறையும்வரை மாதம் ஒருமுறையும் கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் நன்று. குட்டிகளுக்குக் கொடுக்கும்போதே தாய்க்கும் கொடுத்தல் வேண்டும். குடலிலுள்ள புழுவை மருந்து வெளியேற்றினாலும், உடலில் அலைந்து திரியும் இளம்புழுக்கள் பின்னர் குடலை வந்தடையும். அதனாலேயே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கின்றோம். பூனைக்குட்டிக்கு 3ஆம் கிழமையில் தொடங்கலாம்.

வட்டப்புழுவுக்கும் கொளுக்கிப்புழுவுக்கும் பைரன்ரெல் ஏற்ற மருந்து. நாடாப்புழுவுக்குப் பிரசிகுவான்ரெல் வேண்டும்; தெள்ளையும் ஒழித்தல் வேண்டும். குட்டியை நிறுத்து, அதன் நிறைக்கேற்ற அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறியுங்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தைக் கண்மதிப்பாகப் புகட்டுவது குட்டியின் உயிருக்கே ஆபத்தாகும்.

இது நாயோடு முடியும் நோயன்று. மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை மண்ணிற் கிடந்து, சில கிழமைகளில் நோய் தரும் நிலையை அடைந்து, ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும். மண்ணில் விளையாடும் பிள்ளை கைகழுவாது உண்டால், இளம்புழு ஈரலையும் கண்ணையும் தாக்கலாம். பார்வை கெடுதலும் உண்டு. கொளுக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும். இவ்வினங்களுள் ஒன்று, 1911ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்டு, இத்தீவின் பெயரையே பெற்றது. அது மனிதர் குடலிலும் வாழ வல்லது.

எனவே, நாயின் மலத்தை நாள்தோறும் அகற்றி, கிணற்றுக்கும் பாத்திக்கும் தொலைவில் ஆழப் புதையுங்கள். மரக்கறிக்கு இடும் கூட்டெருவில் அதனைச் சேர்க்காதீர்கள். கீரைப் பாத்தியை வேலியிட்டு நாய் நுழையாது காத்து, பறித்த கீரையை நன்கு கழுவுங்கள். தோட்டத்தில் செருப்பணியுங்கள். உண்ணுமுன் பிள்ளைகளின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வளவில் குட்டிகள் பிறந்திருப்பின், பிறந்த நாளை இன்றே பஞ்சாங்கத்திற் குறித்து, 2 கிழமையை எண்ணி வையுங்கள்.