இரண்டு கட்டு, மூன்று உதிரி

இருபத்து மூன்று எழுதச் சொன்னால் சில குழந்தைகள் 203 என்று எழுதும். திட்டாதீர்கள். முதலில் இருபது, பக்கத்தில் மூன்று. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்க, ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்துக் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்ட் போடட்டும். குழந்தையே போட வேண்டும். நாம் கட்டித் தந்தால் பாதிப் பாடம் போய்விடும். பத்து சேர்ந்தால் ஒரு கட்டு. இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. கட்டு இடப்பக்கம், உதிரி வலப்பக்கம். இருபது என்றால்? இரண்டு கட்டு, உதிரி இல்லை. அந்த இடத்தில்தான் பூஜ்யம்.

இனி, இருபத்து மூன்றிலிருந்து ஐந்து குச்சி கேளுங்கள். உதிரி போதாது. குழந்தை யோசிக்கும். யோசிக்க விடுங்கள். ஒரு கட்டைத் தானே பிரிக்கும். பள்ளியில் கடன் வாங்கிக் கழிப்பது என்கிறார்களே, அது இதுதான்.