புகை தலைவிதியா?



நமது சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒருவனுக்கு இருமல் நிற்காவிட்டால் கண்ணேறு என்கிறார்கள். மாரடைத்துச் செத்தால் தலைவிதி என்கிறார்கள். அவன் தினமும் எதைச் சுவாசித்தான் என்று மட்டும் கேட்பாரில்லை.

கண்ணுக்குத் தெரியும் புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத நுண்துகளே ஆபத்தானது. ஒரு மில்லிமீட்டரை 400 கூறாக்கினால் ஒரு கூறுதான் அதன் அளவு. அதற்கும் சிறியது உண்டு. அது நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலந்து, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது.

இது ஆகாயத்திலிருந்தா குதித்தது? நாமக்கல் லாரிகளின் டீசல் புகையில் வருகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியில் வருகிறது. அங்கே வாயுவாய் வெளியேறும் கந்தகமும் காற்றில் துகளாக மாறுகிறது. கொளுத்தும் குப்பையிலும், போகிக்கு எரிக்கும் டயரிலும், தீபாவளிக்குக் காசைக் கரியாக்கும் வெடியிலும் வருகிறது. இந்தியா முழுவதையும் பார்த்தால் விறகும் வறட்டியும் எரியும் அடுப்பே முக்கிய காரணங்களில் ஒன்று. காஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கு விறகுதானே! அந்தப் புகையை முதலில் தின்பவள் பெண்.

லாரிப் புகையைக் குறைக்க 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக்கினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் வண்டிகள் பெருகுகின்றன. பழைய வண்டிகளும் ஓடுகின்றன. அனல் நிலையங்கள் கந்தகத்தைப் பிடிக்க வேண்டுமென்று 2015-ல் விதி செய்தார்கள். கெடுவைப் பலமுறை தள்ளினார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொன்ன வருஷ சராசரி, கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் சர்க்கார் 2009-ல் வைத்த வரம்பு 40. நமக்கென்ன இரும்பு நுரையீரலா?

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகை மூடி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் விதியென்று விட்டுவிடவில்லை. 1956-ல் சட்டம் செய்து நிலக்கரிப் புகையை அடக்கத் தொடங்கினார்கள். மனிதன் உண்டாக்கிய புகையை மனிதனே ஒழிக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே, லாரிப் பேட்டையிலும் பள்ளிக்கூட வாசலிலும் காற்றை அளந்து, கணக்கைத் தமிழில் எழுதிப் போடும்படி நகராட்சியைக் கேளுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். வீட்டுப் பெண்களைப் புகையிலிருந்து முதலில் விடுவியுங்கள். கண்ணேறு கழிக்கும் பூசணிக்காய் எந்தப் புகையையும் தடுக்காது என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.