சம்மனை வாங்க மறுக்காதீர்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோர்ட்டில் பேசுவது புரிவதில்லை என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனால் வக்கீல், வாய்தா, ஜப்தி, அமீனா எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள்தானே? அவையும் அரபி, பாரசீக வழியில் வந்தவைதான். லத்தீனும் அப்படிப் பழகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று தெரிந்தால் போதும்.

முதலாவது, 'ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்'. 'மறுதரப்பையும் கேள்' என்று பொருள். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வரக் கூடாது. அதற்காகத்தான் சம்மன் அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, 'எக்ஸ் பார்ட்டி'. 'ஒரு தரப்பிலிருந்து' என்று பொருள். சம்மன் சேர்ந்தும் நீங்கள் ஆஜராகவில்லை என்றால், வாதியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். 'வாங்கினால்தானே வழக்கு?' என்று சிலர் தபாலைத் திருப்பி அனுப்புகிறார்கள். 'வாங்க மறுத்தார்' என்று தபால் திரும்பினால், சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அமீனா வரும்போது மறுத்தால், கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

சாதாரண சிவில் வழக்கில், சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் 90 நாள் வரை அனுமதிக்கலாம். எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் உண்டு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. எப்படியானாலும், ஏன் வரவில்லை என்பதற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, 'கேவியட்'. 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள். எதிராளி வழக்குப் போட்டு, நமக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார் என்று தோன்றினால், முன்கூட்டியே கேவியட் மனு போடலாம். 90 நாள் செல்லும். அதற்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் புதிதாகப் போட வேண்டும். உங்களுக்கே கேவியட் நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். உங்கள்மேல் வழக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் வழக்குப் போடக்கூடும் என்று அவர் எதிர்பார்க்கிறார், அவ்வளவுதான்.

நம் குடியிருப்பில் இரண்டு பழக்கம் வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பதிவுத் தபால் வந்து வீடு பூட்டியிருந்தால், செக்யூரிட்டி அன்றைக்கே அவருக்குப் போன் செய்யட்டும். கோர்ட் கவரைப் பிரிப்பவர், கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி, கவரையும் பத்திரமாக வைக்கட்டும். வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.